இடது காதில் இரண்டு துளை

கொட்டாஞ்சேனை, கொழும்பு
6.2.2005

அன்புத் தங்கை நாகலெட்சுமிக்கு அண்ணன் அழகுமுத்து எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். உன் அண்ணி ரோகினிக்கு வந்த சளி விட்டுவிட்டது. நிரோஷன் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டு அரிசியைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறான். நீ, மச்சான் செல்லசாமி, மருமகள் சர்மிளா எல்லோரும் எப்படி? நீ அனுப்பிய தேயிலைத் தூளை ரோகினி பூட்டி வைத்திருக்கிறாள். விருந்தாளிக்குக்கூடத் தருவதில்லை.

வழக்கமாகத் தோட்ட ஆபீஸ் விலாசத்துக்குத்தான் எழுதுவேன். இதைப் பஜாரில் இராமையா கடைக்கு அனுப்புகிறேன். ஆபீசில் நம் கடிதத்தை முதலில் வாசிப்பவர் கிளாக்கர், அடுத்தவர் கண்டாக்கு, அதற்குப் பிறகுதான் நீ. இது அவர்கள் வாசிக்க வேண்டிய கடிதம் இல்லை.

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் வக்கீல் கந்தோருக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அரசாங்க வக்கீல் அம்மா வந்திருக்கிறார். உங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவில் பழைய மருந்துக் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை இங்கிலிஷ் வகுப்பு நடத்திய கார்வின் சேரை உனக்குத் தெரியும். இனி அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எடுக்கக்கூடாத விதத்தில் படம் எடுத்து, கம்ப்யூட்டர் வழியாகத் தன்னைப் போன்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறான். அமெரிக்காவில் அவன் ஊரில் அவனைப் பிடித்துவிட்டார்கள். அங்கே பெடரல் கோர்ட் என்று நாடு முழுவதற்குமான நீதிமன்றம் இருக்கிறது. அவர்கள் நாட்டு ஆள் வெளிநாட்டில் போய் இதைச் செய்தாலும் அங்கே வழக்குப் போடலாமாம்.

அவனுடைய வக்கீல் சொல்வதைக் கேள். படத்தில் இருப்பவை உண்மையான பிள்ளைகளே இல்லையாம், கம்ப்யூட்டர் செய்த பொம்மைகளாம்! அப்படி ஒரு பிள்ளை உலகத்தில் இருக்கிறது, இன்ன வயது என்று தாயோ உறவோ வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் படங்களை வைத்து அவனை ஒன்றும் செய்ய முடியாது.

முழுப் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை. வெட்டிய துண்டுகளைத்தான் காட்டினார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பிள்ளைகள் உட்காரும் ஒரு பச்சை வாங்கு, ஒரு பின்னலும் காதும். தன் பிள்ளைதான் என்று தெரிந்த தாய் தானாக வந்து சொன்னால்தான் மதிப்பு. பக்குவமாக விசாரித்துப் பார். சங்கத் தலைவர் காதில் போடாதே.

மருமகளை மாமா கேட்டதாகச் சொல்.

அண்ணன்
அழகுமுத்து


கீழ்க்கணக்கு, அக்கரப்பத்தனை
27.2.2005

அண்ணனுக்கும் அண்ணிக்கும் நாகலெட்சுமி வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. பனி கொழுந்தைக் கருக்கிவிட்டது. கண்டாக்கு அதற்கும் எங்களைத்தான் ஏசுகிறார், என்னவோ பனியை நாங்கள் கூடையில் சுமந்து வந்து கொட்டினது மாதிரி. இவருக்குப் பெக்டரியில் வேலை சுருங்கிவிட்டது. பரவாயில்லை, வீட்டில் இருந்தால் கூரையையாவது பார்ப்பார்.

கார்வின் சேர் நல்ல மனிதர் என்றுதான் இங்கே பேச்சு. பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு கொடுத்தார், புத்தகம் கொடுத்தார். போகும்போது லயத்து ஆட்கள் மாலை போட்டோம். கட்டியது நான்.

காது, பின்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மலையில் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு காதும் ஒரு பின்னலும் இருக்கிறது அண்ணே. "ஒங்க புள்ள காத கொஞ்சம் காட்டுங்க"ன்னு பீலிக்கரையில் தண்ணிக் குடத்தோடு நின்று கேட்கச் சொல்கிறீர்களா? எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நிரோஷன் பாஸாகிவிடுவான். அரிசியைப் பார்க்காதீர்கள்.

உங்கள் தங்கை
நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை
13.3.2005

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டோம், சந்தோஷம். மச்சானுக்கு வேலை பழையபடி கிடைக்கட்டும். பீலிக்கரைப் பகிடியை வாசித்து ரோகினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். யாரும் அமெரிக்கா போக வேண்டியதில்லை. கொழும்பில் ஓர் அறையில் வீடியோ வைத்துக் கேட்பார்கள். தாய் வந்து, இது என் பிள்ளை, இன்ன ஆண்டு பிறந்தது என்று சொன்னால் போதும். பிள்ளை கோர்ட்டில் பேச வேண்டாம் என்கிறார் வக்கீல் அம்மா. பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. பெயருக்குப் பதில் ஓர் எழுத்துப் போடுவார்கள்.

வழக்கு ஐப்பசியில். அதற்குள் ஒரு தாயும் வராவிட்டால் சின்னக் குற்றத்துக்குச் சின்னத் தண்டனையோடு அவன் வெளியே வந்துவிடுவான். வந்து சும்மா இருப்பானா? வேறொரு மலையில் வேறொரு வகுப்புத் திறப்பான்.

போன கடிதத்தில் மருமகள் பெயரே இல்லை. நீ எழுதினால் அரைவாசி அவள் புராணமாகத்தானே இருக்கும். அடுத்ததில் அவளையே இரண்டு வரி எழுதச் சொல்.

அண்ணன்


கீழ்க்கணக்கு
2.5.2005

அண்ணனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அங்கும் சுகமாக இருங்கள்.

உங்கள் ஆட்கள் செய்த வேலையைக் கேளுங்கள். போன மாதம் மேல்கணக்குக்கு ஒரு ஜீப் வந்தது. காற்சட்டை போட்ட நோனா ஒருத்தி இறங்கி, காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நிற்கிற நேரத்தில், வெள்ளைக்காரனிடம் படித்த பிள்ளைகள் யார் யார் என்று சிங்களத்தில் சத்தமாகக் கேட்டாள். அத்தனை பேருக்கும் முன்னால்! அன்றைக்கு ஒவ்வொரு காம்பராவிலும் பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. என்னோடு கொழுந்தெடுக்கிற வீரம்மா தன் மகளை நோட்டன் பிரிட்ஜில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பாதியில் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. "அவ கெட்டுப்போனவ"ன்னு இப்போதே இரண்டு பேர் பேசியாயிற்று. அந்தப் பிள்ளைக்கு வயது பத்து.

கொழும்பில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற உங்களுக்கு ஏன் இந்தச் சேற்றைக் கிளறுகிற வேலை? யார் வாய் திறப்பாள் என்று நினைக்கிறீர்கள்? நாளைக்கு அந்தப் பிள்ளையை யார் பெண் கேட்டு வருவான்? உங்கள் கோர்ட்டு வந்து கட்டிவைக்குமா?

இந்தப் பேச்சையெல்லாம் அண்ணியிடம் சொல்லாதீர்கள். படித்த குடும்பத்துப் பெண். எங்களை என்ன நினைப்பார்?

சர்மிளா சுகம். தலையில் பேன் என்று முடியை ஒட்ட வெட்டிவிட்டேன். அவளுக்கு எழுத நேரமில்லை.

நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை
15.5.2005

அன்புத் தங்கைக்கு,

நீ ஏசியதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். ஜீப்பை அனுப்பியது இங்குள்ள வேறொரு கந்தோர். நான் அறிந்திருந்தால் சக்கரத்துக்கு முன்னால் படுத்திருப்பேன். வக்கீல் அம்மாவிடம் அந்தப் பெரட்டுக் கதையைச் சொன்னேன். காது சிவந்துபோனது அவருக்கு. இனி மலைக்கு யாரும் சொல்லாமல் போவதில்லை என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

சொல்லாதே என்றாய், ஆனால் ரோகினி என் மேசையில் உன் கடிதத்தை வாசித்துவிட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி, சும்மா இருப்பாளா? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் பிள்ளை என்ன பிழை விட்டது? பிழை விட்டவன் நிமிர்ந்துகொண்டு திரியிறான். பிள்ளை ஏன் குனியவேணும்? ஒளிச்சு வைக்கிற தாயையும் எனக்கு ஏச மனமில்லை. வந்தால் இந்த வீட்டில தங்கட்டும் எண்டு எழுதுங்கோ." எழுதிவிட்டேன்.

நிரோஷன் பாஸ். கணக்கில் மட்டும் இழுத்துப் பறித்துத் தேறியிருக்கிறான்.

இராமையா கடைக்கு ஒரு சின்னப் பார்சல் தனியாக வரும். மருமகளுக்குத் தோடு. வெள்ளைக் கல். செட்டியார் தெருவில் நானே பார்த்து வாங்கியது.

அண்ணன்


கீழ்க்கணக்கு
19.6.2005

அண்ணே,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பார்சலை இராமையா கடை வாசலிலேயே பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். மூன்று தோடு. கடைக்காரன் தவறி ஒன்று கூடப் போட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னா லெட்சுமி, தல சுத்துதா?" என்று இராமையா சோடா உடைத்துக் கொடுத்தார்.

இடது காதுத் துளை இரண்டுக்கும் இரண்டு. அந்தத் துண்டுப் படத்தில் காதைப் பார்த்த அன்றே உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "யார் பிள்ளை, விசாரி" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். நானும் தெரிந்துகொண்டே பனி, கொழுந்து என்று எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல அண்ணன், நல்ல தங்கை!

சர்மிளாதான் அண்ணே.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே அவளைக் கேட்டேன். தலையை ஆட்டினாள். மேலே பேசவிடாமல் அவள் வாயைப் பொத்தினேன். பேன் கதை பொய். அந்தப் பின்னலைப் பார்க்க என்னால் முடியவில்லை, வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. வெட்டி முடிக்கும்வரை ஆடாமல் உட்கார்ந்திருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோட்டை அவளிடம் காட்டினேன். "மாமாவுக்குத் தெரியுமாம்மா?" என்றாள். "தெரியும் போலத்தான். நீ யாருகிட்டயும் வாயத் தொறந்துறாத" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சேரும் யாருகிட்டயும் சொல்லாதன்னுதாம்மா சொன்னாரு. நீயும் அதையேதான் சொல்ற."

அவன் சொன்ன வார்த்தையும் பெற்றவள் சொன்ன வார்த்தையும் ஒன்றாகிவிட்டதே. இனி அந்த வார்த்தை என் வாயில் வராது.

எங்கே வர வேண்டும் என்று எழுதுங்கள். அவள் பெயரை நான் சொல்கிறேன். அண்ணி தங்கச் சொன்னது உண்மைதானே?

நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை
26.6.2005

என் தங்கைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உண்மைதான், ரோகினி உங்களுக்கு அறையை இப்போதே ஒழித்துவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். துண்டைக் கையில் தந்தபோதே தெரியும். 97ஆம் ஆண்டு மாரியம்மன் திருவிழாவில் மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே அவளுக்குக் காது குத்தினோம். மூன்று வயது. ஆசாரி இடது காதில் ஓரமாகக் குத்திவிட்டு, "இது அறுந்துபோகுமுங்க, மேல ஒன்னு போட்றலாம்" என்று இன்னொரு முறை குத்தினார். அந்தக் காதை எனக்குத் தெரியாதா?

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஜீப் மேல்கணக்குக்குப் போயிருக்காது, நேராக உன் வாசலுக்கு வந்திருக்கும். நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். காத்திருக்க முடியாமல் மூன்றாவது தோட்டைப் போட்டேன்.

நேற்று வக்கீல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எவ்வளவு காலமாகத் தெரியும்?" என்றார். "நீங்கள் துண்டைக் காட்டிய அன்றிலிருந்து" என்றேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டார். சொந்தக்காரன் மொழிபெயர்க்கக்கூடாது, இந்த வழக்கில் என் வேலை போயிற்று. தோட்டைப் பற்றியும் சொன்னேன். மறைத்தால் நாளை அவன் வக்கீல் அதையே பிடிப்பான். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "அப்படியென்றால் இனி நீங்கள் சாட்சி" என்றார்.

மச்சானிடம் நீயே சொல். கோபத்தில் ஒன்றும் செய்துவிடாமல் பார்த்துக்கொள். மருந்துக் காம்பராவில் அந்தப் பச்சை வாங்கு இன்னும் கிடக்கிறதா? யாரும் தொடக்கூடாது, படம் எடுக்க ஆள் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, மரியாதையாக வருவார்கள்.

அண்ணன்


கீழ்க்கணக்கு
24.7.2005

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

சுகம். இப்போது உண்மையாகவே எழுதுகிறேன், கொஞ்சம் சுகம்.

உங்கள் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே இவரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய், மருந்துக் காம்பராவிலிருந்து அந்த வாங்கைத் தோளில் தூக்கி வந்து, வாசலில் போட்டுக் கோடாலியால் கொத்தத் தொடங்கிவிட்டார். மறுநாள் கடிதத்தில் "யாரும் தொடக்கூடாது" என்று வாசிக்கிறேன்! ஒரு கால் ஏற்கெனவே அடுப்புக்குள் போய்விட்டது. மிச்சத்தைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வக்கீல் அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவர் சர்மிளா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அப்பா இருக்கேன்டா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது, சாய்ந்துகொண்டாள்.

பீலிக்கரையில் வீரம்மா என் குடத்தைப் பிடித்து நிறுத்தி, "நீ கொழும்புக்குப் போறியாமே" என்றாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, லயத்தில் சுவருக்கும் வாய் உண்டு. நான் மறைக்கவில்லை. குடத்தை விடாமலே, "அந்தப் பேருக்குப் பதிலா எழுத்துப் போடுறது, அது எங்க புள்ளைக்கும் போடுவாங்களா?" என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். சரியா அண்ணே?

எந்தத் தேதி என்று எழுதுங்கள். கொட்டகலையில் ரயில் ஏறுவோம்.

நாகலெட்சுமி


கொட்டாஞ்சேனை
20.11.2005

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் நலமாக வீடு சேர்ந்ததை அறிந்தோம். அறை வெறிச்சோடிக் கிடக்கிறது என்று ரோகினி புலம்புகிறாள். தீர்ப்பு வரும்வரை சாட்சிகள் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவிழ்க்கலாம்.

குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். எல்லாக் குற்றத்துக்கும். தண்டனையைத் தையில் சொல்வார்கள். கிழவனாகித்தான் வெளியே வருவான் என்கிறார் வக்கீல் அம்மா.

உன்னை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரவைத்தார்கள். என் இடத்தில் மொழிபெயர்த்தது குணபூசணி டீச்சர். உன்னிடம் அவன் வக்கீல் என்னென்ன கேட்டானோ தெரியாது. என்னிடம் வாங்கைப் பற்றித் தொடங்கினான். "மூன்று கால்தான் இருக்கிறது, படத்தில் நான்கு கால்" என்றான். "நாலாவது கால் சோறு ஆக்கிருச்சுங்க" என்றேன். டீச்சர் அதை எப்படிச் சொன்னாரோ, நீதிபதி சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

பிறகு காதுக்கு வந்தான். "ஒரு காதில் இரண்டு துளை போடக் கம்ப்யூட்டரால் முடியும்தானே?" என்றான். "முடியும்" என்றேன். பொய் சொல்ல முடியுமா? வக்கீல் அம்மா முகம் வாடிப்போனது. "அப்படியானால் இது உண்மையான பிள்ளை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றான்.

நான் வலது கைப் பெருவிரலை நீட்டினேன். நகத்தடியில் இருக்கிற தழும்பு உனக்குத் தெரியும்தானே. "அந்த ரெண்டாவது தொளையக் குத்துறப்ப புள்ள என் மடியில இருந்துச்சுங்க. வலி தாங்காம கடிச்ச கடி இது. எட்டு வருசமாச்சு, இன்னும் மறையல. நீங்க சொல்ற கம்ப்யூட்டர் கடிக்குமாங்க?" என்றேன்.

டீச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் சொன்னார். அந்த ஊர் வழக்கப்படி தீர்ப்புச் சொல்லப் பொதுமக்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். திரையில் அத்தனை பேரும் முன்னுக்குச் சாய்ந்து என் விரலைப் பார்த்தார்கள். அவன் வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டான்.

இதை மருமகளிடம் சொல். தன்னை மடியில் வைத்துக் குத்தவிட்ட மாமாவைக் கடித்தது வீண்போகவில்லை என்று சொல்.

வீரம்மா மகளின் படத்துக்கும் சேர்த்துத்தான் தீர்ப்பு. அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரச் சொல்.

அண்ணன்
அழகுமுத்து


கீழ்க்கணக்கு
22.1.2006

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் நிரோஷன் அத்தானுக்கும் சர்மிளா எழுதுவது.

நான் சுகம். அம்மாவும் அப்பாவும் சுகம். பொங்கலுக்கு அத்தை அனுப்பிய சட்டை அளவாக இருந்தது. அத்தானை இனியாவது கணக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் ஏழாம் ஆண்டு. முடி கழுத்துவரை வளர்ந்துவிட்டது. பின்னல் போடலாமா என்று அம்மா கேட்டார். போடச் சொன்னேன். வீரம்மா அத்தையின் மகள் நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்துவிட்டாள். என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். ஒன்றும் பேசமாட்டாள், ஆனால் என் அழிரப்பரை மட்டும் கேட்காமலே எடுப்பாள்.

மூன்று தோட்டையும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஒரு காதுக்கு ஒன்றுதான் என்று புது டீச்சர் ஒன்றைக் கழற்றச் சொன்னார். மறுநாள் அம்மா மலையிலிருந்து கூடையோடு வந்துவிட்டார். "அது மாமன் போட்ட தோடுங்க டீச்சர். மூனும் இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு மூன்றோடும்தான் போகிறேன்.

நீங்கள் கோர்ட்டில் விரலைக் காட்டிய கதையை அம்மா வாசித்துக் காட்டினார். எனக்குக் கடித்தது ஞாபகமே இல்லை. மாமாவை அப்படிக் கடித்ததற்கு இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேள் என்று அம்மா சொன்னார்.

நான் கேட்கமாட்டேன் மாமா.

உங்கள் மருமகள்
சர்மிளா